விசாரிக்காமல் சாப்பிட்ட வீடு

முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தைப் பற்றி நான் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இல்லாததும் பொல்லாததும் பேசியிருக்கிறேன். அதை மறைவாகப் பேசித் தொலைத்திருந்தால் இந்த வயதில் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்காது. அந்தக் குடும்பத்தின் கூடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீட்டுக்காரர் தன் கையால் ஊற்றிய சாம்பாரைப் பிசைந்துகொண்டே, கடைசி பெஞ்சுவரைக் கேட்கிற என் வகுப்பறைக் குரலில் பேசினேன். (நடுவில் சாம்பார் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்புக்கொள்வது என்று ஆனபிறகு மிச்சம் எதற்கு?)

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் பெங்களூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு அல்சூரில். பிழைக்க வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டதால் எனக்கு இரண்டு கர்வங்கள் இருந்தன. பெங்களூரில் எந்தப் பேட்டையில் எந்தப் பலகாரம் ருசி என்பது என்னைவிட யாருக்கும் தெரியாது என்பது ஒன்று. எங்கே போனாலும் யாரிடமும் வழி கேட்க மாட்டேன் என்பது இன்னொன்று. இந்த ஊரில் மெயின் ஒரு வாக்கில் போகும், கிராஸ் அதற்குக் குறுக்கே போகும், எண் தெரிந்தால் போதும், வாயைத் திறந்து வழி கேட்கிறவன் வெளியூர்க்காரன் என்பது என் சித்தாந்தம். (இந்தச் சித்தாந்தத்தின் புண்ணியத்தில் என் மனைவி மூன்று கல்யாணங்களில் தாலி கட்டுவதைப் பார்த்ததில்லை. நேராகப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தாள்.)

கதிரேசன் என் சிநேகிதன். பாளையங்கோட்டையில் படித்தபோது விடுதியில் ஒரே அறை. நான் படித்துத் தேறி வாத்தியாரானேன். அவன் படிக்காமல் தேறி, தென்காசியில் பெரிய பாத்திரக் கடை வைத்தான். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்கு அந்த வட்டாரத்தில் அவன் கடைதான். பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவதையும் அவனே உட்கார்ந்து செய்வான். எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும், முதலில் டம்ளரை எடுத்துச் சுண்டிப் பார்ப்பான். அப்புறம் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பான். அப்புறம்தான் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பான்.

ஒரு நாள் தென்காசியிலிருந்து போன் செய்தான்.

"வே, நம்ம பயலுக்கு ஒரு இடம் வந்திருக்கு. உம்ம ஊர்தான். ஆறுமுகம்னு பேரு, சர்க்கார் உத்தியோகம் பாத்து ரிட்டையர் ஆனவரு. ஒரே பொண்ணு. உமான்னு பேரு. எலெக்ட்ரானிக் சிட்டியில கம்ப்யூட்டர் வேலை. போட்டோ கேட்டதுக்கு, வேணும்னா நேர்ல வந்து பாக்கட்டும்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டாம்."

"பேஷ்" என்றேன்.

"பேஷ் இருக்கட்டும். அட்ரஸைச் சொல்லுதேன், எழுதிக்கிடும். அக்கம்பக்கத்துல நாலு வார்த்தை விசாரிச்சு வையும். அடுத்த மாசம் நான் மட்டும் வந்து வீட்டைப் பாத்துப் பேசிட்டுப் போறேன். எனக்குப் பிடிச்சாத்தான் பயலும் அவன் அம்மையும் வருவாக. உம்ம வார்த்தையை நம்பித்தான் இருக்கேன்."

எழுதிக்கொள்ளவில்லை. ஜெயநகரில் பிளாக், மெயின், கிராஸ், வீட்டு எண். நான்கு எண்கள். இயற்பியல்காரனுக்கு நான்கு எண்களை எழுதி வைப்பது கௌரவக் குறைச்சல்.

அதே வாரம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த ஒருவர் ஜெயநகரிலேயே ஒரு வீட்டு மெஸ்ஸைப் பற்றிச் சொன்னார். "போர்டு கிடையாது. வீடு மாதிரியே இருக்கும். வாசல்ல செருப்பு குவிஞ்சு கிடக்கும், அதான் அடையாளம். கேள்வி கேட்காம உள்ள போய் இலையில உட்கார்ந்துடணும். பேசினா அந்த மனுஷனுக்குப் பிடிக்காது." அவரும் ஒரு முகவரி சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளவில்லை.

விடைத்தாளில் எண்ணை எழுதிவிட்டு அலகை விட்டுவிடும் மாணவனுக்கு நான் அரை மதிப்பெண் குறைப்பேன். "அஞ்சுன்னா என்ன அஞ்சு? அஞ்சு மீட்டரா, அஞ்சு மாம்பழமா?" என்று கேட்டு மானத்தை வாங்குவேன். அந்த மாதம் என் தலைக்குள் ஒரு முகவரிதான் தங்கியிருந்தது. அது யாருடையது என்கிற அலகு விழுந்துவிட்டது. அதை மெஸ்ஸின் முகவரி என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

விசாரிக்கவும் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை கதிரேசன் பையும் கையுமாக வந்து இறங்கிவிட்டான். ஞாயிறு நான்கு மணிக்கு ஆறுமுகம் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "விசாரிச்சீரா?"

"விசாரிக்காமலா? சாவகாசமாச் சொல்றேன். முதல்ல ஒரு தோசை சாப்பிடுவோம்" என்றேன்.

அந்த இரண்டு நாள் ஊர்வலத்துக்கு வழி வகுத்தது இந்த ஒரு பதில்தான். அவன் விசாரணையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் ஸ்கூட்டரை ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தினேன். நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் நான் ஒரு கேள்வியிலிருந்து தப்பி ஓடிக்கொண்டிருந்தேன்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சமோசாவும் டீயும். அங்கே பாத்திரக் கடைச் சந்தைக் கண்டதும் கதிரேசன் ஸ்கூட்டரிலிருந்து குதித்துவிட்டான். ஒவ்வொரு குடத்தையும் சுண்டிக்கொண்டே போனான். ஒரு கடைக்காரர், "அரே அண்ணா, வாங்குறீங்களா இல்ல கச்சேரியா?" என்று கேட்டார். அங்கிருந்து பசவனகுடி. நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினியில் காரா பாத்தும் கேசரி பாத்தும் ஒரே தட்டில் வந்தன.

"இது உப்புமால்லாவே? இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பேரு?" என்றான் கதிரேசன். சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தவன், "வெல்லம் போட்டிருக்கான். சாம்பாருன்னு நினைச்சு எவனோ பாயசத்துல பருப்பைக் கொட்டிட்டான் போல" என்றான்.

காபிக்கு நான் 'பை டூ' என்று சொன்னதும், ஒரு காபியை இரண்டு சின்ன டம்ளரில் பங்கிட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். கதிரேசன் அதிர்ந்துபோனான்.

"என்னவே இது, ஒரு காபியை ரெண்டு பேரா?"

"இந்த ஊர் வழக்கம் அது. சிநேகிதத்துக்கு அடையாளம்."

"எங்க ஊர்ல சம்பந்தமே முறிஞ்சிரும்" என்றவன், சம்பந்தம் என்ற சொல் வாயில் வந்ததும் நினைவு வந்தவனாக, "சரி, விசாரிச்சீரே, என்ன சொன்னாங்க?" என்றான்.

"வாரும், விஸ்வேஸ்வரபுரத்துல அவரைக்காய் சீசன். விட்டா கிடைக்காது" என்று ஸ்கூட்டரை இடது பக்கம் சாய்த்து உதைத்தேன்.

அவரைக்காய் தோசை, ஹோளிகே என்கிற போளி, மிளகாய் பஜ்ஜி, நீலசந்திராவில் ஒரு டீ, வழியில் கடலை. இரவு வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சப்பாத்தி போட்டு வைத்திருந்தாள். அதையும் சாப்பிட்டோம். கைகழுவும் இடத்தில் அவள் மெதுவாகக் கேட்டாள், "அந்த வீட்டை விசாரிச்சீங்களா?" நான் வாயைக் கொப்பளித்தபடியே தலையை எல்லாத் திசையிலும் ஆட்டினேன்.

ஞாயிறு காலை மல்லேஸ்வரம். இட்லியை முடித்ததும் கதிரேசன் சொன்னான்:

"நம்ம வழக்கம் உமக்குத் தெரியும்லா? சம்பந்தம் பேசப் போற வீட்டுல, மனசு ஒத்துக்கிடுத வரைக்கும் கை நனைக்கக் கூடாது. சாப்பிட்டா சம்மதம்னு ஆயிரும். சாப்பிட்டுட்டு வேண்டாம்னா, அது அந்தப் பொண்ணு மூஞ்சியில அடிச்ச மாதிரி. காபித் தண்ணிகூட தொடாதீங்கன்னு உம்ம தங்கச்சி சொல்லித்தான் அனுப்பியிருக்கா." (என் தங்கச்சி என்றது அவன் மனைவியை.)

"அதனாலதான் மத்தியானமே நல்லாச் சாப்பிட்டுட்டுப் போகணும்கிறேன். ஜெயநகர்லயே ஒரு மெஸ் இருக்கு. சாப்பிட்டுட்டு அப்படியே நடந்து போயிடலாம்" என்றேன். பெண் வீட்டு முகவரி நினைவில் இல்லையே என்கிற கவலை அப்போது எனக்குத் துளியும் இல்லை. ஜெயநகருக்குப் போய்விட்டால் கால் தானாகப் போகும் என்று நினைத்தேன். கால் அப்படித்தான் போயிற்று.

ஒரு மணிக்கு அந்த வீட்டின் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினேன். யாரிடமும் வழி கேட்கவில்லை. போர்டு இல்லை. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே கூடத்தில் பந்திப் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் கையில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார். சொன்ன அடையாளம் எல்லாம் அச்சாக இருந்தது.

நாங்கள் நேராகப் போய்க் காலியாக இருந்த இரண்டு இலைகளில் உட்கார்ந்தோம். பெரியவர் எங்களைப் பார்த்தார். பிறகு எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பருமனான மனிதரைப் பார்த்தார். அவர் பெரியவரைப் பார்த்தார். (பருமனான அந்த மைத்துனர் தன் ஆபீஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று பெரியவரும், அத்தான் தன் பழைய சிநேகிதர்களை அழைத்திருக்கிறார் என்று மைத்துனரும் நினைத்தார்களாம். இலையில் உட்கார்ந்தவனை யார் நீ என்று கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை.) சோறு விழுந்தது.

"சாம்பார் இந்தப் பக்கம்!" என்று நான் கையைத் தட்டினேன். ஆமாம், தட்டினேன்.

"வரேன் சார், நிதானமாச் சாப்பிடுங்க. கூட்டு இன்னும் வருது" என்றார் பெரியவர். அடுப்படியிலிருந்து ஒரு பெண்குரல், "அப்பளத்தை யாராவது கேட்டாத்தான் போடுவீங்களா?" என்று அவரை அதட்டியது.

"பாத்தீரா, வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கும்னு சொன்னேன்ல" என்றேன் கதிரேசனிடம். "சப்ளைதான் கொஞ்சம் மந்தம்."

ரசம் கொண்டுவந்தது ஓர் இளம்பெண். சாதாரணப் பருத்திச் சேலை, கண்ணாடி. நான் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, தேர்வுத்தாள் திருத்துகிற முகத்தோடு சொன்னேன்: "புளி தூக்கலா இருக்கேம்மா. சமைச்சவங்ககிட்ட சொல்லு."

"சொல்றேன் சார். அவங்களுக்குச் சாயங்காலம் ஒரு பரீட்சை. அந்தப் பதட்டத்துல கூடிப்போச்சு."

"பரீட்சையா? நானும் வாத்தியார்தான். பதட்டப்பட்டா ஃபெயில்தான்னு சொல்லு."

"பரீட்சை வைக்கிறவங்க எப்படின்னு பாத்துட்டு அப்புறம் பதட்டப்படலாம்னு இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த இலைக்குப் போனாள். கதிரேசன் கடகடவென்று சிரித்தான்.

சிரித்து முடித்ததும் பக்கத்தில் நகர்ந்தான். "இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு. இப்பமாவது சொல்லும்வே. ஆறுமுகம் வீட்டை விசாரிச்சீரா, இல்லையா?"

தப்பி ஓட இன்னொரு ஓட்டல் இல்லை. ஓட்டலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குக் கற்பனை குறைவு. பொய் சொல்வதற்கும் கண்ணெதிரில் ஒரு மாதிரி வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். துண்டு போட்ட பெரியவர் யாரிடமும் சிரிக்காமல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தார்.

"விசாரிச்சுட்டேன். அக்கம்பக்கத்துல நாலு வீட்டுல கேட்டேன். அந்த ஆறுமுகம் ஆள் நல்லவர்தான். ஆனா முசுடு. சிரிச்சு யாரும் பாத்ததில்லையாம்."

"சரி. அந்தம்மா?"

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. "அந்தம்மா குரல் ரெண்டு கிராஸ் தாண்டிக் கேட்குமாம். வீட்டுல ராஜ்ஜியம் அவங்களுதுதான்."

"பொண்ணு?"

கண்ணாடி போட்ட பெண் ரசப் பாத்திரத்தோடு சுவர் ஓரம் நின்றிருந்தாள். "வாய்த்துடுக்கு. ஒண்ணு சொன்னா ஒன்பது சொல்லும். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கம்பெனி பஸ்ல வந்து இறங்கவே ராத்திரி எட்டு மணி. அந்த உமா சமைச்சு உம்ம பையன் சாப்பிட்டாப்லதான்!"

என் குரலுக்கு ஒரு குணம் உண்டு. ரகசியம் சொன்னாலும் கரும்பலகையில் எழுதின மாதிரி இருக்கும். கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அப்பளம் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் கடிப்பதை நிறுத்தினார். என் பேச்சின் சுவாரஸ்யத்தில் எல்லாரும் கவனிக்கிறார்கள் என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கதிரேசன் யோசனையோடு தண்ணீர் டம்ளரை எடுத்தான். பழக்க தோஷம், சுண்டினான். உள்ளங்கையில் வைத்தான். "மெஸ்ஸுல இம்புட்டுக் கனமான டம்ளர் எவனும் வைக்க மாட்டானே" என்று முணுமுணுத்துக்கொண்டே விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. டம்ளரை என்னிடம் நீட்டினான்.

நான் வாய்விட்டே படித்தேன். "சு. ஆறுமுகம் - கமலா." அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "அட, இவரும் ஆறுமுகம்தான் பாரும்! இந்த ஊர்ல எத்தனை ஆறுமுகம்!"

"வே" என்றான் கதிரேசன், இலையைப் பார்த்தபடி. "கை நனைச்சாச்சுவே."

தலைக்கு மேலே ஒரு நிழல் விழுந்தது. துண்டு போட்ட பெரியவர் தயிர்ப் பாத்திரத்தோடு நின்றிருந்தார்.

"தயிர் போடட்டுமா சார்?" என்று கேட்டார். "ஆள்தான் முசுடு. தயிர் புளிக்காது."

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. எழுந்தபோது என் கால் மரத்துப்போயிருந்ததால் பக்கத்து இலைப் பாயசத்தில் கால் வைத்தேன் என்பது தெரியும். கதிரேசன் இரண்டு கையையும் கூப்பினான். வலது கையில் சோறு இருந்தது. பருமனான மைத்துனர்தான் முதலில் சுதாரித்தார்.

"மாப்பிள்ளையோட அப்பாவா? அப்போ என்ன அத்தான் பேச்சு? கை நனைச்சாச்சு, சம்மதம்னுதானே அர்த்தம்! வெத்தலைத் தட்டு எங்கே?"

கண்ணாடி போட்ட பெண் ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள்தான் உமா என்று இதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. "மாமா, சும்மா இருங்க. யார் வீடுன்னு தெரியாம சாப்பிட்டாங்க. அது சம்மதத்துல சேராது." பிறகு கதிரேசனிடம் திரும்பினாள். "நாலு மணிக்கு வர்றதா சொல்லியிருந்தீங்க. வரணும்னு தோணினா வாங்க. சாப்பிட்டோமேங்கிறதுக்காக வர வேண்டாம்."

என்னை அவள் பார்க்கவே இல்லை. வாசலில் செருப்பைத் தேடும்போது உள்ளே அந்த அம்மாளின் குரல் கேட்டது. இப்போது அது இரண்டு வீடு தாண்டிக்கூடக் கேட்டிருக்காது. உடைந்திருந்தது. "நம்மளைப் பத்தி இப்படி யாருங்க சொல்லியிருப்பா? பக்கத்து வீட்டு சாரதம்மாவை விட்டா நம்ம வீட்டுச் சங்கதி யாருக்குத் தெரியும்?"

லால்பாக்கில் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். கதிரேசன் வலது கையில் காய்ந்துபோயிருந்த பருக்கைகளை உதிர்த்துக்கொண்டிருந்தான். நான் கடலை வாங்கிக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்த பார்வையில் நானே அதைக் கீழே வைத்துவிட்டேன்.

"உண்மையைச் சொல்லும். இதெல்லாம் யாரு சொன்னா?"

"அக்கம்பக்கத்துலதான்."

"அப்பன் முசுடு, ஆத்தா சத்தம்கிறதெல்லாம் நம்ம வீட்டுலயும் உள்ளதுதான். அந்தப் பொண்ணோட பேச்சு எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. ஆனா நாலு வீட்டுல கேட்டும் ஒருத்தர்கூட நல்லதா ஒரு வார்த்தை சொல்லலைன்னா, அதுல என்னமோ இருக்குவே. நாலு மணிக்குப் போவோம். கும்பிட்டு மன்னிப்பு கேட்டுட்டு, ஒத்து வராதுன்னு சொல்லிட்டு வந்துருவோம்."

இந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு மாதம் சோம்பேறியாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு முன்னால், ஒரு பெண்ணின் கல்யாணம் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. வீடு மாறி நுழைந்ததை நினைத்து இன்றைக்கும் சிரிக்கிறேன். லால்பாக் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.

நான்கு மணிக்குப் போனோம். கூடம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பெண் பார்க்கும் நாள் என்று மத்தியானமே கூடியிருந்த உறவுக்காரர்கள் எல்லாரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, எங்களை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல "வாங்க, வாங்க" என்றார்கள். ஆறுமுகம் துண்டை எடுத்துவிட்டு முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்த கதிரேசன் தொண்டையைச் செருமி, "தப்பா நினைச்சுக்கிடக் கூடாது..." என்று ஆரம்பித்தான்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் உமா. கையில் கேசரியும் பஜ்ஜியும் வைத்த தட்டு. அவளுக்குப் பின்னால் ஒரு வயதான அம்மாள், அழுது சிவந்த கண்களோடு வந்து நின்றார். "நீங்க வேண்டாம்னு சொல்றதா இருந்தா சொல்லுங்க. அதுக்கு முன்னால உங்க சிநேகிதர்கிட்ட ஒண்ணு கேட்கணும். இவங்க சாரதம்மா. பக்கத்து வீடு. நான் பொறந்ததுலேர்ந்து எனக்குத் தலை பின்னி விட்டவங்க. எங்க அம்மா இவங்களோட மத்தியானத்துலேர்ந்து பேசல. இவங்கதான் உங்ககிட்ட சொன்னாங்களா?"

"நான் ஏன்ப்பா சொல்றேன்? தேவ்ராணே, இந்தாளை நான் பாத்ததே இல்ல!" என்றார் சாரதம்மா. (தேவ்ராணே என்றால் கடவுள் சத்தியம். கன்னடத்தில் அதற்குமேல் சத்தியம் கிடையாது.) புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு முன்னால் நின்று பேசியவன் நான். அன்றைக்கு எழுந்து நின்றபோது என் குரல் முதல் பெஞ்சைக்கூடத் தாண்டவில்லை.

"இவங்க சொல்லல. யாரும் சொல்லல. நான் யாரையும் விசாரிக்கவே இல்லை. ஒரு மாசமா ஒண்ணும் செய்யல. நேத்தும் இன்னிக்கும் சாப்பிட்டதைத் தவிர வேறெதுவும் செய்யல."

கதிரேசன் என் பக்கம் திரும்பினான். அவ்வளவு மெதுவாக அவன் திரும்பி நான் பார்த்ததில்லை. "அப்போ முசுடுன்னு சொன்னது?"

"இவரைப் பாத்துத்தான். சாம்பார் ஊத்தினாரே."

"சத்தம்?"

"அடுப்படியில கேட்டது."

"வாய்த்துடுக்கு?"

ரசம் ஊற்றியவளை எல்லாரும் பார்த்தார்கள். முதலில் சிரித்தது ஆறுமுகம். சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று நான் சொன்ன அதே மனிதர், தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் அவர் மனைவி. சாரதம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

"அப்போ சார் நேர்ல வந்து உட்கார்ந்து, சாப்பிட்டுப் பாத்தே விசாரிச்சிருக்கார். பாத்ததைத்தான் சொல்லியிருக்கார். ஒண்ணும் தப்பில்ல" என்றாள் உமா. முகம் இன்னும் முழுசாக இளகியிருக்கவில்லை. "பஸ்ஸுலேர்ந்து எட்டு மணிக்கு இறங்குறதும் உண்மைதான். அதுக்கப்புறம் நான் சமைக்க மாட்டேன். அதையும் உங்க பையன்கிட்ட சொல்லிடுங்க."

கதிரேசன் தட்டைப் பார்த்தான். இரண்டு நாளாக நான் அவன் வயிற்றில் இறக்கியிருந்ததையெல்லாம் நான் அறிவேன். அவித்த கடலைக்குக்கூட அங்கே இடமில்லை. அவன் கையை நீட்டிக் கேசரியை எடுத்தான்.

"யார் வீடுன்னு தெரிஞ்சே சாப்பிடுதேன்மா" என்றான். "இது சேரும்லா?"

முழுத் தட்டையும் சாப்பிட்டான். வியர்த்து வழிந்தது. நான் பார்த்த வீரச்செயல்களில் அதற்கு முதலிடம்.

எனக்குப் பலகாரம் வரவில்லை. ஒரு டம்ளர் ரசம் மட்டும் வந்தது. "புளி குறைச்சிருக்கேன் சார்" என்றாள். குடித்தேன். புளி குறையவே இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். (அன்றைக்கு நான் சொன்ன கடைசிப் பொய் அது.)

பையன் வந்தான். இருவரும் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். உமாதான் அவனைக் கேள்வி கேட்டாளாம். கல்யாணத்தின்போது கதிரேசன் எனக்கென்று தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தான். நல்ல கனம். அதில் தன் கையால் வெட்டியிருந்தான்: 'விசாரணை மாமா'. அது இன்றைக்கும் உமா வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. நான் அங்கே போனால் காபியோ மோரோ அதில்தான் வரும். உமாவின் மகளுக்கு, அதாவது கதிரேசனின் பேத்திக்கு, என் நிஜப் பெயர் தெரியாது.

அந்தப் பேத்திக்குத்தான் இப்போது மைசூரிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. உமா போன் செய்தாள். "சார், நீங்கதான் விசாரிக்கணும்."

"நானா? என்னையா நம்புறே?"

"உங்களைத்தான். இன்னொரு தடவை தப்பா விசாரிக்க உங்களுக்குத் தைரியம் வராது."

போன வாரம் போனேன். முகவரியை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தெருமுனையிலும் வழி கேட்டுக்கொண்டு போனேன். அக்கம்பக்கத்து வீடுகளில் நிஜமாகவே விசாரித்தேன். ஒருவர் என்னை வருமான வரிக்காரர் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார். பையன் வீட்டு வாசலில் அவன் அம்மாவே என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து காபி சாப்பிடச் சொன்னார். கும்பிட்டுவிட்டு, தொண்டை வறண்டுபோனாலும் பரவாயில்லை என்று வந்துவிட்டேன். நல்ல குடும்பம். எல்லாரும் நல்லதாகத்தான் சொன்னார்கள்.

உடனே உமாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அங்கே போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். கடைசியில் கதிரேசனின் குரல் வந்தது. எண்பதை நெருங்கியும் அந்தச் சந்தேகம் குறையவில்லை.

"வே, நிசமாவே போனீரா? இல்ல, எங்கயாவது ஓட்டல்ல உக்காந்துக்கிட்டுச் சொல்லுதீரா?"

"சத்தியமாப் போனேன். தேவ்ராணே!" என்றேன்.

அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் சர்வர் உரக்கக் குரல் கொடுத்தான்: "மேஜை நாலுக்கு ரெண்டு மசாலா, ஒரு கேசரி பாத்!"